வீட்டுக் களஞ்சியமும் பதுக்கலும்



"மாதச் சம்பளம் வந்ததும் மூன்று மாதச் சாமானை வாங்கி அடுக்கிவிடுகிறேன். கொவிட் காலத்தில் பழகிய பழக்கம். இது சிக்கனந்தானே, மௌலவி?" என்று ஒரு சகோதரி கேட்டார். பதில் ஒரே வார்த்தையில் அடங்காது. சிக்கனமாகவும் இருக்கலாம், பிறர் பங்கை எடுத்துக்கொள்வதாகவும் இருக்கலாம். எப்போது எது என்பதை அறிந்துகொள்வது ஒவ்வொரு இல்லத்தரசிக்கும் அவசியம்.

முன்பு நம் வீடுகளில் சாமான் வாங்கிய முறையைச் சற்று நினைத்துப் பாருங்கள். யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறை வீதியால் கோப்பாய், நீர்வேலி, புத்தூர் கடந்து போனால் அச்சுவேலி வரும். சுற்றிவரச் செம்மண் தோட்டங்கள். வெங்காயம், மிளகாய், கத்தரி, பூசணி, மரவள்ளி எல்லாம் விளையும் பூமி. காலையில் பிடுங்கியது காலையிலேயே சந்தைக்கு வரும். ஒரு பிடி கீரை, கால் கிலோ கத்தரிக்காய், இரண்டு முருங்கைக்காய் என்று அன்றன்றைக்கு வாங்கிச் சமைப்பதே வழக்கம். அரிசி, சீனி, தேயிலை முதலியவை சந்திக் கடையில் கொப்பிக் கணக்கில் வரும். இந்தத் தோட்டங்களின் மரக்கறிதான் நகரத்தில் சோனகத் தெருப் பக்கத்தில் வாழும் நம்மவர்களின் சட்டியிலும் வேகிறது.

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் போடப்பட்டது. அபாயம் கூடியவை என்று கணிக்கப்பட்ட 6 மாவட்டங்களில் கொழும்பு, கம்பஹா, களுத்துறை, புத்தளம், கண்டி ஆகியவற்றோடு யாழ்ப்பாணமும் ஒன்று. ஆகவே மற்ற இடங்களில் இடையிடையே தளர்த்தப்பட்டபோதும் இங்கே கதவுகள் அடைத்தே கிடந்தன. சந்தைகள் மூடப்பட்டன. தோட்டத்தில் விளைந்ததை ஏற்றி அனுப்ப வழியின்றி விவசாயி கலங்கினார். சமையலறையிலோ மரக்கறி இல்லை என்ற கவலை. பொருள் இல்லாததால் வந்த தட்டுப்பாடல்ல அது, பொருளுக்கும் பானைக்கும் இடையிலிருந்த பாதை அடைபட்டதால் வந்தது.

அந்த நாட்களில் கடை திறக்கும் சில மணி நேரத்துக்குள் கையில் அகப்பட்டதையெல்லாம் வாங்கினோம். ஒரு கிலோ வாங்கியவர் ஐந்து கிலோ வாங்கினார். அரசாங்கம் மார்ச் நடுப்பகுதியில் பருப்பு கிலோ 65 ரூபா, 425 கிராம் ரின் மீன் 100 ரூபா என்று உச்ச விலை விதித்தது. விலை பலகையில் இருந்தது, பொருளைத்தான் தேட வேண்டியிருந்தது. சில வாரங்களில் அக்கட்டுப்பாடும் நீக்கப்பட்டது. இறக்குமதித் தடையால் மஞ்சள் கிலோ ஆயிரக்கணக்கான ரூபாவுக்கு ஏறி, தமிழ்நாட்டிலிருந்து படகில் கடத்திவரும் பொருளாகவே ஆகிவிட்டது.

இந்த அச்சத்தை நான் குறை சொல்ல மாட்டேன். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்து முகாம்களில் உலர் உணவுப் பங்கீட்டில் பிள்ளைகளை வளர்த்தவர்கள் நம் தாய்மார்கள். அதே காலத்தில் பொருளாதாரத் தடைக்குள் அகப்பட்டு, ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகளைப் படிக்க வைத்து, சீனியில்லாமல் பனங்கட்டியைக் கடித்துத் தேநீர் குடித்தவர்கள் இங்கிருந்த தமிழ்த் தாய்மார்கள். வெறும் அலுமாரியைக் கண்டவளுக்கு நிறைந்த அலுமாரிதான் நிம்மதி. அது மனித இயல்பு.

யார் பங்கு குறைந்தது?

ஆனால் ஒன்றை நாம் கவனிக்கவில்லை. மூன்று மாதச் சாமானை ஒரே நாளில் வாங்க யாரால் முடியும்? மாதச் சம்பளக்காரராலும், வெளிநாட்டுப் பணம் வருபவராலும் முடியும். தோட்டத்தில் கூலிக்குப் போகும் பெண்ணுக்கும், ஓட்டோ ஓட்டுபவரின் வீட்டுக்கும் வருமானம் நாளுக்கு நாள் வருகிறது. ஆகவே அவர்கள் நாளுக்கு நாள்தான் வாங்குவார்கள். 100 கிராம் சீனி, 50 கிராம் தேயிலை, அரைக் கிலோ மா. ஊரடங்கில் அவர்களுக்குக் கூலியும் நின்றது, கடையும் பூட்டியது. கடை திறந்த நாளில் அவர்கள் வந்து சேர்வதற்குள் தட்டு வெறுமையாகிவிட்டது. சமுர்த்திக் குடும்பங்கள் உள்ளிட்ட வறிய குடும்பங்களுக்கு 2020 ஏப்ரல், மே மாதங்களில் அரசு தலா 5,000 ரூபா கொடுத்தது. பணம் கையில் இருந்தும் பருப்பு இல்லையென்றால் பணத்தையா அவிப்பது?

என் அலுமாரியில் வண்டு பிடித்துக் கிடந்த இரண்டாவது ஐந்து கிலோ, அந்த வீட்டின் ஒரு வாரத்துக் கறி. கேள்வியின் மையம் இதுதான்.

மார்க்கம் வகுத்த எல்லை

நபி (ஸல்) அவர்கள் தம் குடும்பத்துக்கு ஓராண்டுக்கான உணவை ஒதுக்கி வைத்ததாக ஹதீஸ் கிரந்தங்களில் காண்கிறோம். ஆகவே வீட்டுக்காகச் சேமிப்பது தவக்குலுக்கு முரணானதல்ல. அதேவேளை, உணவுப் பொருளைப் பதுக்குவதை, அதாவது இஹ்திகாரை, அவர்கள் வன்மையாகக் கண்டித்திருக்கிறார்கள். இரண்டையும் எப்படிப் பொருத்துவது?

இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தமது ஸஹீஹ் முஸ்லிம் விளக்கவுரையில் இதற்கு அழகான வரம்பை எடுத்துரைக்கிறார்கள். பொருள் தாராளமாகக் கிடைக்கும் காலத்தில் சந்தையில் வாங்கி ஓராண்டுக்கும் வைத்துக்கொள்ளலாம். தட்டுப்பாடான காலத்திலோ மக்களுக்கு நெருக்கடி ஏற்படாத அளவே வாங்கலாம், சில நாட்களுக்கோ ஒரு மாதத்துக்கோ போதுமானது போல. அப்படியானால் எத்தனை கிலோ என்பதை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. நான் எடுத்த பிறகு அடுத்தவருக்கு மிச்சம் இருக்கிறதா என்பதே கேள்வி.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. நபியவர்களின் வீட்டில் அந்த ஓராண்டு உணவு ஓராண்டு தங்கியதில்லை. தேவையோடு வந்தவர்களுக்குக் கொடுத்தே அது தீர்ந்துபோகும். அவர்கள் வபாத்தான வேளையில் அவர்களுடைய கவசம் வாற்கோதுமைக்காக அடகில் இருந்தது. அந்த வீட்டுக் களஞ்சியத்துக்குக் கதவு இருந்தது, பூட்டு இருக்கவில்லை.

தொற்றுக்குப் பின் வந்த நெருக்கடி

தொற்றோடு சோதனை முடியவில்லை. 2021 ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை மீண்டும் ஊரடங்கு. பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் வரிசை. 2021 ஒக்டோபரில் 12.5 கிலோ லிட்ரோ எரிவாயு 1,493 ரூபாவிலிருந்து 2,675 ரூபாவுக்குப் பாய்ந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அதாவது முந்திய ஆண்டு 1,000 ரூபாவுக்கு வாங்கிய உணவுக்குக் கிட்டத்தட்ட 1,950 ரூபா. பின்னர் பணவீக்கம் தணிந்தது. ஆனால் பணவீக்கம் தணிந்தது என்றால் விலை பழைய இடத்துக்கு இறங்கியது என்று பொருளல்ல, ஏறும் வேகம் குறைந்தது என்பதே பொருள். அதனால்தான் செய்தியில் நிம்மதியும் சந்தையில் பெருமூச்சுமாக இருந்தது.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, அளவை அறியுங்கள். ஒரு வாரம் சமைப்பதை ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள். நாளைக்கு ஒரு கிலோ அரிசி சமைக்கும் வீட்டுக்கு மாதம் 30 கிலோ போதும். 100 கிலோ அடுக்கினால் அது மூன்று மாதத்துக்கு மேல். ஈரக் காற்றில் மாவில் பூச்சி, பருப்பில் வண்டு, மிளகாயில் பூஞ்சணம். மலிவென்று வாங்கியதைக் கொட்டுவது சிக்கனமல்ல, இஸ்ராஃப், வீண்விரயம். புதிதாக வந்ததைப் பின்னே வைத்து, பழையதை முதலில் சமையுங்கள்.

இரண்டாவது, சந்திக் கடைக் கொப்பியை முதலில் தீருங்கள். ஊரடங்கில் கையில் காசில்லாத வீட்டுக்கு அரிசி தந்தது அந்தச் சிறு கடைதான். இன்று கையில் பணம் இருக்கும்போது பெரிய கடையில் ரொக்கத்துக்கு வாங்கிவிட்டு, பணம் தட்டுப்படும்போது மட்டும் சிறு கடையில் கடன் சொல்வது எந்த வகை நீதி? அவருக்கும் பிள்ளைகள் உண்டு. கடன் என்பது ஜனாஸாவுக்குப் பிறகும் தொடரும் பொறுப்பு என்பதை நாம் அறியாதவர்களல்ல.

மூன்றாவது, 2020 நோன்பை நினையுங்கள். ஏப்ரல் 25இல் தொடங்கிய அந்த ரமழானில் பள்ளிவாசல் கஞ்சி இல்லை, விருந்தில்லை, பெருநாளன்றும் ஊரடங்கு. ஒரு கோப்பைக் கஞ்சியும் பேரீச்சம்பழமுமாக நோன்பு திறந்தோம். இபாதத்தில் எதுவும் குறையவில்லை. பொரித்த தட்டுகள் பத்து இல்லாவிட்டாலும் நோன்பு நோன்புதான் என்று அந்த ஆண்டு கற்றதை வசதி வந்ததும் ஏன் மறக்க வேண்டும்?

நான்காவது, மிக முக்கியமானது. மொத்தமாக வாங்குவதைத் தனியாகச் செய்யாமல் கூட்டாகச் செய்யுங்கள். ஐந்து வீடுகள் சேர்ந்து ஒரு மூடை அரிசி, ஒரு மூடை சீனி வாங்கிப் பகிர்ந்தால் மொத்த விலையின் இலாபம் ஐந்து வீட்டுக்கும் கிடைக்கும். அந்த ஐந்தில் ஒன்று நாட்கூலி வீடாக இருக்கட்டும். அவர்கள் தம் பங்கைக் கிழமைக்குக் கிழமை கட்டட்டும். 100 கிராம் சரைக்கு அவர்கள் கொடுக்கும் கூடுதல் விலை மிச்சமாகும். அது தர்மம் அல்ல, ஆகவே வாங்குபவர் தலைகுனிய வேண்டியதும் இல்லை. அஷ்அரி கோத்திரத்தார் உணவு குறையும்போது தம்மிடம் உள்ளதையெல்லாம் ஒரே துணியில் சேர்த்துச் சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்கள். நபி (ஸல்) அவர்கள் அவர்களைத் தம்மவர்கள் என்றே புகழ்ந்தார்கள்.

ஆகவே, கேள்வி கேட்ட சகோதரிக்கு என் பதில் இது: சந்தை நிறைந்திருக்கும் நாளில் வாங்கிச் சேமியுங்கள், தவறில்லை. தட்டுப்பாடு வந்த நாளில் கையைச் சுருக்குங்கள். சேமித்ததைப் பூட்டி வைக்காதீர்கள். அடுத்த நெருக்கடி எப்போது, எந்தப் பெயரில் வரும் என்பதை அல்லாஹ்வே அறிவான். அன்று நம் தெருவில் எந்த அடுப்பும் அணையாதிருக்க வேண்டுமானால், பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து மூடை வாங்குவதை இந்த மாதமே தொடங்கிவிடுங்கள்.

அல்லாஹ் நம் இல்லங்களில் பரக்கத்தையும், நம் கைகளில் தாராளத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.