தோட்டா உறையின் வாக்குமூலம்

அடுக்களையில் இருக்கும் பித்தளைக் குடத்துக்கும், காட்டில் புலி சுடப் போன துரையின் தோட்டாவுக்கும் என்ன உறவு? “ஒன்றுவிட்ட உறவுகூடக் கிடையாது” என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் உறவு இருக்கிறது; அதுவும் நெருங்கிய உறவு. இரண்டும் தாமிரமும் துத்தநாகமும் கலந்து பிறந்தவை. தோட்டா உறைக்கென்று எடுக்கும் பித்தளையில் 100-க்கு 70 பங்கு தாமிரம், 30 பங்கு துத்தநாகம். குடம் செய்கிறவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் முன்னே பின்னே மாற்றிக்கொள்வார்கள். ஒரே குடும்பம் என்பதால் வியாதியும் ஒன்றுதான்!

அந்தக் குடும்ப வியாதியைப் பற்றித்தான் இந்த வாரம் பேச்சு. துப்பாக்கி என்றதும் பயந்துபோய்ப் பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்கு ஓடிவிடாதீர்கள். கடைசியில் உங்கள் வீட்டுப் பரணுக்கே வந்து சேரப் போகிறோம்.

வேட்டைத் துப்பாக்கியின் தோட்டாவில் நாலு சாமான்கள் உண்டு: நுனியில் குண்டு, உள்ளே மருந்து, அடியில் சின்னஞ்சிறு கேப்பு, இவை மூன்றையும் தாங்கி நிற்கும் பித்தளை உறை. குதிரையை இழுத்ததும் ஊசி கேப்பில் குத்துகிறது; கேப்பு பொறி விடுகிறது; மருந்து எரிந்து வாயுவாகிறது; வாயு குண்டைத் தள்ளுகிறது. குண்டு போய்விடும். உறை மட்டும் துப்பாக்கியிலேயே தங்கும். பிறகு அதை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு அடுத்த தோட்டாவை ஏற்றுவார்கள்.

“வெறும் உறைக்கு என்ன பிரமாத வேலை?” என்று கேட்கலாம். உங்கள் பிரஷர் குக்கரின் மூடியில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறதல்லவா? அதே வேலைதான். குக்கருக்குள் ஆவியின் அழுத்தம், வெளிக்காற்றைவிடச் சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்டு அதிகம். வேட்டை ரைபிளுக்குள் அது 50,000 பவுண்டுக்கு மேலும் போகும்! அதாவது மூவாயிரம் மடங்குக்கும் மேல். அந்த நொடியில் உறை விம்மிப் பருத்து, துப்பாக்கியின் உட்சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாயு பின்பக்கம் வராமல் அடைக்கிறது. அழுத்தம் தணிந்ததும் இம்மியளவு சுருங்கி, இழுத்தால் வருகிற மாதிரி நெகிழ்ந்து கொடுக்கிறது. ஒட்டவும் வேண்டும், விடவும் வேண்டும். இந்த இரண்டு குணமும் பித்தளைக்கு நன்றாக அமைந்திருக்கின்றன.

ரப்பர் வளையம் கிழிந்தால் குழம்பு கூரையில் தெறிக்கும். உறை கிழிந்தால், கொதிக்கும் வாயு சுடுகிறவரின் கண்ணுக்கும் கன்னத்துக்கும் பாயும். ஆகவேதான் அனுபவசாலியான வேட்டைக்காரர், சுட்டு முடித்த உறையைக் காட்டிலேயே எறிந்துவிட்டு வரமாட்டார். எடுத்து வந்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பது போலத்தான். உறை பொய் சொல்லாது. கேட்கத் தெரிந்தவருக்கு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடும்.

குண்டைப் பிடித்திருந்த வாய்ப்பக்கத்தில் நெடுக்காகக் கீறல் விட்டிருந்தால், பித்தளை முறுகிப் போய்விட்டது என்று அர்த்தம். ஒரே உறையில் திரும்பத் திரும்ப மருந்து அடைத்துச் சுட்டாலும் இப்படி ஆகும். இதனால் பெரிய ஆபத்து இல்லை. உறையைக் கழித்துவிட வேண்டியதுதான்.

அடிப்பாகத்துக்குச் சற்று மேலே, உடம்பைச் சுற்றி வளையல் போட்ட மாதிரி ஒரு பளபளப்புக் கோடு தெரிந்தால், அதுதான் பொல்லாத அடையாளம். அந்த இடத்தில் பித்தளை உள்ளுக்குள் இழுபட்டு மெலிந்திருக்கலாம். உறைக்கும் பின்னால் அதைத் தாங்கும் போல்ட்டுக்கும் இடையே இடைவெளி அதிகமானால், முன்பாதி சுவரைப் பற்றிக்கொள்ள, அடிப்பாதி பின்னே தள்ளப்படும். நடுவில் அகப்பட்டது மெலிந்து, ஒரு நாள் உறை இரண்டு துண்டாகிவிடும். இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. மெல்லிய கம்பியின் நுனியை வளைத்து, சுட்ட உறைக்குள் விட்டு, சுவரைத் தடவிக்கொண்டே வரவேண்டும். பள்ளத்தில் நுனி தடுக்கினால், அந்த உறைக்கு அன்றோடு ஓய்வு.

கேப்பு தட்டையாக நசுங்கி, அடிப்பாகத்தில் போல்ட்டின் அச்சும் பதிந்து, கேப்பு உட்காரும் குழியும் தளர்ந்திருந்தால், உள்ளே அழுத்தம் எல்லை மீறியிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். கேப்பு நசுங்கியதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. நல்ல தோட்டாவிலும் அது நேர்வதுண்டு. மற்ற சாட்சிகளையும் விசாரிக்க வேண்டும்.

உடம்பு நெடுக வெடித்திருந்தால் என்ன செய்வது? பத்து உறைகளை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் வெடித்திருந்தால், குற்றம் பெரும்பாலும் அந்தப் பித்தளையில். ஒவ்வொன்றும் ஒரே இடத்தில் வெடித்திருந்தால், துப்பாக்கியைக் கூண்டில் ஏற்ற வேண்டும். பெட்டி மாற்றினால் வெடிப்பு நிற்கிறது என்றால், பழைய பெட்டியின் மேல்தான் வழக்கு. பழியை யார் தலையில் போடுவது என்பதற்கு இதைவிட நியாயமான முறை ஏது?

இந்தத் துப்பறியும் வேலையிலே மிக விசித்திரமான வழக்கு நம் தேசத்தில்தான் நடந்தது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், இங்கிருந்த பிரிட்டிஷ் பட்டாளத்துக்கு ஒரு தலைவலி. நல்ல தோட்டாக்கள், சுடாமலே, பெட்டியில் இருந்தபடியே வெடிப்பு விட்டன! அதுவும் மழைக்காலம் வந்தால்தான். ஆகையால் இதற்கு ‘பருவ வெடிப்பு’ என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்தார்கள். மழைக்கும் பித்தளைக்கும் என்ன விரோதம் என்று யாருக்கும் விளங்கவில்லை.

1921-ல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் மர்மத்தை விடுவித்தார்கள். மழைக்காலத்தில் பட்டாளத்துக்கு நடமாட்டம் குறைவு. தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைப்பது வழக்கமாக இருந்தது. லாயத்தில் குதிரைச் சிறுநீரிலிருந்து கிளம்பும் அம்மோனியா. காற்றிலோ ஈரம். இந்த இரண்டும் சேர்ந்து பித்தளையைத் தின்றன.

அப்படியானால் எல்லாப் பித்தளையும் வெடிக்க வேண்டுமே? அங்கேதான் மூன்றாவது குற்றவாளி ஒளிந்திருந்தான். உறையை எப்படிச் செய்கிறார்கள்? வட்டத் தகட்டை முதலில் கிண்ணமாக அழுத்தி, அந்தக் கிண்ணத்தைப் பல தடவை இழுத்து இழுத்துக் குழாயாக்குகிறார்கள். சூடு காட்டாமல் இழுக்கும்போது, உலோகத்துக்குள் ஓர் இறுக்கம் தங்கிவிடுகிறது. இழுத்துப் பிடித்துத் தைத்த ரவிக்கையைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் தையலில் ஒரு நூல் நைந்தால் போதும், மீதி தானே பிரிந்துவிடும். உள்ளே இறுக்கம், வெளியே அம்மோனியா, கூட ஈரம். மூன்றும் கூடினால்தான் வெடிப்பு.

நோய் தெரிந்ததும் மருந்து சுலபமாயிற்று. செய்து முடித்த உறையை மிதமாகச் சூடு காட்டினால் இறுக்கம் தளர்ந்துவிடும். உறுதியும் அவ்வளவாகக் குறையாது. பட்டாளத்துத் தோட்டாக்களின் கழுத்தில் நீலமும் செம்மையும் கலந்த ஒரு சாயல் தெரியும். அது அழுக்கு அல்ல. சூடு காட்டியதன் முத்திரை. கடைத் தோட்டாக்களில் பெரும்பாலும் அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி விடுகிறார்கள்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். கொல்லையில், மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய சுவரோரமாகப் பல வருஷம் கவிழ்த்து வைத்திருந்த பித்தளைக் குடம். ஒரு நாள் எடுத்து நீர் பிடித்தால், மயிரிழை போல் ஒரு கோடு. அதன் வழியே கசிவு. “யார் கீழே போட்டது?” என்று விசாரணை தொடங்கும். வேலைக்காரப் பெண் இல்லையென்றால் மருமகள். அவளும் இல்லையென்றால் பேரன். யாருமே போட்டிருக்க மாட்டார்கள்! அடித்து உருவாக்கிய குடத்திலும் அந்த இறுக்கம் இருக்கலாம். தொழுவத்தில் அம்மோனியாவுக்குப் பஞ்சமில்லை. கீழே விழுந்த குடத்தில் நசுங்கல் இருக்கும். நசுங்கலே இல்லாமல் கோடு மட்டும் இருந்தால், தீர்ப்பைச் சற்று ஒத்திவையுங்கள். வயதான பாத்திரங்களைத் தொழுவம், சாக்கடை, கழிவறை இவற்றின் பக்கம் வைக்காதீர்கள். பித்தளை பாலிஷ் சிலவற்றில் அம்மோனியா கலந்திருக்கும். புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, முக்கியமானது. 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின் வந்த திருத்தங்களும் பழைய வேட்டை விளையாட்டுக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. அது நல்லதே. ஆனால் தாத்தா காலத்து டிரங்குப் பெட்டிகள் இன்னும் சில பரண்களில் இருக்கின்றன. பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போது, அடியில் பச்சை பிடித்த பழைய தோட்டா நாலைந்து கிடைத்தால், “விளையாட்டுச் சாமான்” என்று குழந்தையிடம் கொடுக்காதீர்கள். புளி போட்டுத் தேய்க்காதீர்கள்; பாலிஷ் போடாதீர்கள்; ஆணியால் குடையாதீர்கள்; அடுப்பிலோ குப்பையிலோ போடவே போடாதீர்கள். உறை நைந்திருந்தாலும், உள்ளே மருந்தும் கேப்பும் உயிரோடு இருக்கலாம். உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருப்பது 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி குற்றமும் ஆகும். குழந்தைகளை அப்பால் அனுப்பிவிட்டு, இருந்த இடத்திலேயே விட்டுவைத்து, போலீஸ் ஸ்டேஷனுக்குச் சொல்லியனுப்புங்கள். அவர்கள் வந்து எடுத்துப் போவார்கள்.

தோட்டா விஷயத்தில் துப்பறிவதை அவர்களிடம் விட்டுவிடுங்கள். குடத்து விஷயத்தில் மட்டும் நீங்களே நீதிபதி. தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் குடத்தையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், மருமகள் வாழ்த்துவாள்.