தேய்மானக் கணக்கு

கொடைக்கானலைப் பற்றி எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் குறிஞ்சியில் தொடங்கி மேகத்தில் முடிப்பார்கள். நாங்கள் ஒரு சைக்கிள் செயினைப் பற்றி எழுதத் துணிகிறோம். இலக்கியம் பேசும் இடத்தில் இதற்கென்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் கடைசிப் பத்திவரை பொறுத்தருள வேண்டும்.

1863-இல் லெவிஞ்ச் துரையின் முயற்சியால் உருவான ஏரியைச் சுற்றி ஓடும் ஐந்து கிலோமீட்டர் சாலை அநேகமாகச் சமதளம். அங்கே வாடகை சைக்கிள் ஒரு விளையாட்டுப் பொருள். செயின் எப்படி இருந்தாலும் அரைமணி நேரம் ஓடிவிடும். ஊரைத் தாண்டி மேற்கே பூம்பாறை, மன்னவனூர் என்று போனால் கதை வேறு. ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும். தார்ச்சாலையை விட்டுப் பூண்டு வயல்களின் பக்கம் திரும்பினால் சரளையும் சேறும். இத்தகைய பாதைகளுக்கென்றே அகன்ற டயரும் வளைந்த கைப்பிடியும் கொண்ட 'கிராவல் பைக்' என்ற வகை வந்திருக்கிறது. நாங்கள் நால்வரும் ஆசைப்பட்டு வாங்கியவர்கள்தாம்.

ஒரு வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மன்னவனூரிலிருந்து திரும்பும் ஏற்றத்தில், எழுந்து நின்று மிதித்த நண்பரின் செயின் பல்லைத் தாண்டிக் குதித்தது. கால் சறுக்கிச் சாலையின் நடுவே சாய்ந்தார். பின்னால் பேருந்து ஏதும் வராதது அவர் அதிர்ஷ்டம். சமவெளிக்கு இறங்கி ஒரு கடையில் காட்டினோம். செயின் மட்டும் போதாது, பின்சக்கரத்துப் பல்தொகுதியும் முன் பல்சக்கரமும் மாற்றவேண்டும் என்றார்கள். ஒரு செயினோடு முடிந்திருக்கவேண்டிய செலவு ஆறு மடங்காயிற்று. கடைக்காரர் சொன்னது முற்றிலும் சரி. வண்டியை விற்ற நாளில் யாரும் இதைச் சொல்லவில்லை, கேட்க நமக்கும் தெரியவில்லை என்பதே எங்கள் ஆதங்கம்.

செயின் 'நீண்டுவிட்டது' என்று சொல்கிறோம். உண்மையில் இரும்பு இழுபடுவதில்லை. ஒவ்வொரு இணைப்பிலும் உள்ள பின்னும் அதைச் சுற்றிய துளையும் உரசித் தேய்கின்றன. நூற்றுக்கு மேற்பட்ட இணைப்புகளின் சிறுசிறு தேய்வு சேர்ந்து நீளமாகத் தெரிகிறது. நீண்ட செயின் பல்லின் அடியில் அமராமல் மேலேறி உட்கார்கிறது. பற்களைத் தன் அளவுக்கு அரித்துக்கொள்கிறது. அதன்பின் புதுச் செயின் போட்டால் அந்தப் பற்கள் அதை ஏற்பதில்லை. மேட்டில் நம் முழு எடையும் மிதியில் இறங்கும் கணத்தில்தான் அது குதிக்கும்.

இந்த மலையின் கல்லும் ஒரு காரணம். பழனி மலைத்தொடரின் பெரும்பகுதி சார்னோக்கைட் என்னும் பாறை. கல்கத்தாவில் ஜாப் சார்னோக்கின் கல்லறையில் பதித்த கல் இந்த இனத்தைச் சேர்ந்தது. பெயரும் அங்கிருந்தே வந்தது. அதில் குவார்ட்ஸ் உண்டு. கடினத்தை அளக்கும் மோஸ் அளவையில் குவார்ட்ஸுக்கு 7. சாதாரண இரும்பு அதற்கும் கீழே. பாறை பொடிந்த தூள் செயினின் எண்ணெயோடு கலந்தால் சாணை பிடிக்கும் பசை ஆகிவிடுகிறது. தூசு படிந்த செயின்மேலேயே மேலும் எண்ணெய் விடுவதும், பழைய என்ஜின் ஆயிலைப் பூசுவதும் அந்தப் பசையை வளர்க்கும் வேலை.

நம் தாத்தாக்களின் ஹெர்குலிஸும் ராலேயும் பல்லாண்டு ஓடியதற்கு அவற்றின் முழு செயின் கவரும் ஒரு காரணம். பல கியர் வண்டியில் செயின் பல்லுக்குப் பல் பக்கவாட்டில் தாவவேண்டியிருப்பதால் அந்த உறையைப் போட வழியில்லை. ஏற்றத்தை எளிதாக்கிக்கொண்டோம்; செயினை மண்ணுக்குத் திறந்து வைத்தோம். தேய்மானம் அதற்கான வாடகை. வாடகையைத் தவணை தவறாமல் கட்டினால் சிறிய தொகை. தள்ளிப்போட்டால் வீடே போய்விடும்.

கட்டவேண்டிய நாளைச் சொல்ல ஓர் அடி ஸ்கேல் போதும். செயினில் பின்னுக்குப் பின் அரை அங்குலம். ஆகவே 24 இணைப்புகள் புதிதில் சரியாக 12 அங்குலம். அது பதினாறில் ஓர் அங்குலம் கூடினால் அரை சதவீதத் தேய்வு. அப்போதே செயினை மாற்றினால் பற்கள் பிழைக்கும். எட்டில் ஓர் அங்குலம் கூடிவிட்டால் பற்களையும் சேர்த்து இழந்தோம் என்று கொள்ளலாம். மழையில் ஓட்டிய அன்றே துடைத்து உலர்த்தி, ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வெளியே கசிந்ததைத் துடைத்துவிட வேண்டும். வெயில் மாதங்களில், சுத்தமாகக் கழுவிய செயினை உருக்கிய பாரஃபின் மெழுகில் தோய்த்தெடுத்தால் தூசு ஒட்டாது. மெழுகை நேராகத் தீயில் வைக்காமல் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குவதே பாதுகாப்பு. மழைக்கு மெழுகு அதிக நாள் தாங்காது.

எங்கள் கருத்து இதுதான். மலைக்கு வண்டி வாங்குகிறவர் 12 கியரின் பகட்டைப் பார்ப்பதைவிட, வத்தலக்குண்டிலோ திண்டுக்கல்லிலோ அதன் உதிரிபாகம் கிடைக்குமா என்று முதலில் கேட்கவேண்டும். மெல்லிய செயின் சீக்கிரம் தேயும் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. நல்ல எஃகில் செய்தவை நன்றாகவே உழைக்கின்றன. ஆனால் அதனோடு சேர்ந்த பல்தொகுதி பல ஆயிரம் ரூபாய். பெரும்பாலும் பெருநகரத்திலிருந்து வரவழைக்க வேண்டும். எட்டு, ஒன்பது கியர் பல்தொகுதியின் விலை அதில் ஒரு பங்குதான்; சாதாரண மெக்கானிக்கின் கைக்கும் அது பழகியது. விற்பவர்களும் வண்டியின் விலையோடு, செயினை எப்போது அளக்கவேண்டும், பல்தொகுதி போனால் என்ன செலவாகும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தரலாம். சம்பளத்தில் மிச்சம்பிடித்து வாங்கும் இளைஞனின் வண்டி ஒரே மழைக்காலத்துக்குப்பின் மொட்டைமாடிக்குப் போவது அந்தச் சீட்டு இல்லாத குறையினால்தான்.

இலக்கியத்துக்கும் இதற்கும் என்ன உறவு என்று கேட்டவர்களுக்கு: தேய்ந்த ஒரு சொல்லை உரிய நேரத்தில் மாற்றத் தயங்கியதால் பக்கத்து வாக்கியங்களும் அதன் அளவுக்குத் தேய்ந்துபோன கட்டுரைகளை நாம் எல்லோரும் எழுதியிருக்கிறோம். அதற்கு ஸ்கேல் இன்னும் யாரும் செய்யவில்லை. செயினுக்கு இருக்கிறது. மாதம் ஒருமுறை எடுத்து அளந்துவிடுங்கள்.