ரிப்பெயாருக்குப் பிறகு ஊசி எழும்பவில்லையா?



போன மாதம் எங்கட பழைய டீசல் வேனுக்கு ஹெட் கேஸ்கட் மாற்றினோம். கராஜிலிருந்து எடுத்து வரும்போது டெம்பரேச்சர் ஊசி கீழே "சீ"யிலேயே படுத்துக் கிடந்தது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? "மாஷா அல்லாஹ், இஞ்சின் எவ்வளவு குளிராக ஓடுது!" படிப்பிக்கிறவனுக்கும் இப்படி மடத்தனம் வரும்.

அடுத்த நாள் காலை உம்மாவை கண்டி ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு புறப்பட்டோம். அம்பாறை தாண்டும்போது பக்கத்தில் இருந்த மச்சான்தான் கேட்டார். "ஊசி அசையுதே இல்லையே. பதினெட்டு வளைவில சூடேறினா எதைப் பார்த்து நிப்பாட்டப் போறீங்க?"

ஓரங்கட்டி கராஜுக்குக் கோல் எடுத்தேன். "மீட்டர் போர்ட் அடிபட்டிருக்கும் சேர். வந்த பிறகு பழசு ஒன்று தேடிப் போடுவோம், இப்ப சும்மா ஓடுங்க" என்றார்கள். மச்சான் போனட்டைத் திறந்து தேடினார். தேர்மோஸ்டெட் பக்கத்தில் ஒரு ஒற்றை வயர் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. சென்சரில் சொருகினார். திறப்பைப் போட்டதும் ஊசி எழும்பி நடுவில் வந்து நின்றது. செலவு ஒரு சதமும் இல்லை.

ஹெட்டைக் கழற்றுவதென்றால் அந்த வயரையும் கழற்றத்தான் வேண்டும். திரும்பக் கொழுவ மறந்தாலும் இஞ்சின் நன்றாகவே ஓடும், ஏனென்றால் அது ஊசிக்கு மட்டும் போகிற வயர். அதனால் பாஸுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. தண்ணீர் குறைந்து கொதித்தாலும் ஊசி "சீ"யிலேயே கிடக்கும். நமக்குத் தெரியவரும்போது புதிதாகப் போட்ட கேஸ்கட்டும் போய், ஹெட்டும் வளைந்திருக்கும்.

என் கருத்து இதுதான். ரிப்பெயாருக்கு முன் வேலை செய்த மீட்டர் ரிப்பெயாருக்குப் பிறகு நின்றால், கை வைத்த இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கியர்பொக்ஸ் இறக்கிய பிறகு ஸ்பீட் மீட்டர் நின்றால் அதன் கேபிளை அல்லது சென்சர் பிளக்கைப் பாருங்கள். டாங்க் கழற்றிய பிறகு பெற்றோல் ஊசி விழுந்தால் டாங்க் மேல் உள்ள பிளக்கும் எர்த் வயரும். எல்லா ஊசியும் ஒன்றாக விழுந்தால் பியூஸ், எர்த், டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள பிளக். சில வேளை சென்சர் மரையில் வெள்ளை டேப்பை அளவுக்கு மிஞ்சிச் சுற்றியிருப்பார்கள், அதனாலும் எர்த் கிடைக்காது. மீட்டர் போர்ட் மாற்றுகிற கதை இவ்வளவுக்கும் பிறகுதான்.

பாஸ்மாரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. என்னிடம் படித்த பிள்ளைகளே கராஜுகளில் நிற்கிறார்கள், அந்த வெயிலும் வேலையும் எனக்குத் தெரியும். மறதி எல்லோருக்கும் வரும். ஆனால் பார்க்காமலே "சும்மா ஓடுங்க" என்று சொல்வதை மட்டும் ஏற்க முடியாது. பாடசாலை வேன் ஓட்டுகிறவர்களும் அதை நம்பித்தான் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறார்கள்.

நாமும் சல்லியைக் கொடுத்துவிட்டு வெட்கத்தில் ஒன்றும் கேட்காமல் வருகிறோம். ஸ்டார்ட் பண்ணாமல் திறப்பை மட்டும் திருப்பினால் ஒயில் லைட்டும் பெற்றரி லைட்டும் எரிய வேண்டும். ஒயில் லைட் எரியவில்லையென்றால் அதன் வயரும் கழன்றிருக்கலாம். பிறகு கராஜ் வாசலிலேயே இஞ்சினைச் சூடாகும் வரை ஓடவிட்டு ஊசி எழும்புகிறதா என்று பாருங்கள். ஒரு டீ குடிக்கிற நேரம்தான்.

கராஜ் வேலை தெரிந்த தம்பிமார் இதில் பிழை இருந்தால் கொமெண்டில் திருத்துங்கள். உம்மாவுக்கு அடுத்த கிளினிக் வருகிற மாதம். ரேடியேட்டர் மூடியையும் மாற்றச் சொல்கிறார் மச்சான், அது அவசியமா?