மூக்கு திறக்கணுமா? முதலில் ஜன்னலைத் திறங்க!

ஊட்டி, குன்னூர் பக்கம் மூக்கடைப்பு என்றால் போதும், வெந்நீரில் இரண்டு கொத்து கற்பூர மர இலையைப் போட்டுவிடுவார்கள். 1843 வாக்கில் இங்கே வந்த ஆஸ்திரேலிய மரம்தான். ஆனாலும் 'நீலகிரித் தைலம்' என்று நம்ம ஊர்ப் பெயரே ஒட்டிக்கொண்டது!

இலையிலுள்ள சினியோல் மூக்குக்குக் குளுகுளுவென்று இதம் தரும். ஜலதோஷத்தையே விரட்டிவிடும் என்று மட்டும் நினைக்காதீங்க.

பெரியவர்கள் குளிக்கும்போது குழாயருகே ஒரு கொத்தைக் கட்டித் தொங்கவிடலாம், தப்பில்லை. ஆனால் பாட்டி வைத்தியம் என்பதாலேயே ஆபத்து இல்லையா என்ன? கைக்குழந்தையின் மூக்கில் தைலம் தடவினால் மூச்சு திணறலாம். சிறிதளவு வயிற்றுக்குள் போனாலும் வலிப்பு வரலாம்.

இன்னொன்று. குளிருக்குப் பயந்து ஜன்னலை அடைத்துவிட்டு, குளியலறைக்குள் கேஸ் கீஸரை எரியவிடாதீங்க. அதில் கிளம்பக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. ஆளையே கொல்லும். தைல வாசனையைவிடச் சுத்தமான காற்றுதான் முக்கியம்!