ஒருநாள் தொண்டு வேண்டா!

பல்கலைக்கழகத்தில் பயிலும் நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளிகளுக்குத் தொண்டாற்ற வருகின்றனர். மகிழ்ச்சி! ஆனால், எப்படி வருகின்றனர்?

சனிக்கிழமை காலையில் பேருந்தில் வந்திறங்குவர். ஒரே நிறச் சட்டை, நீண்ட பதாகை, தன்முனைப்பு உரை, சுவருக்கு வண்ணப்பூச்சு, இறுதியில் குழுப்படம். மாலையில் புறப்பட்டுவிடுவர். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறும் பிள்ளை, திங்கட்கிழமையும் தடுமாறிக்கொண்டுதான் இருக்கும். இதற்குப் பெயர் தொண்டா, சுற்றுலாவா?

1982இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையத்தை எண்ணிப் பாருங்கள். பல்கலைக்கழக மாணவர்கள் முன்னின்று பாடம் நடத்தியதால் வளர்ந்த இயக்கம் அது. படம் எடுத்து வளர்ந்ததன்று!

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டுவிட்டது. தேர்வு நுணுக்கம் சொல்லும் ஒருநாள் முகாமுக்கு இனி என்ன வேலை? இன்றைய தேவை வாசிப்பு. அஃது ஒரே நாளில் வாராது.

நேரமில்லை என்பர். பல்கலைக்கழகப் பருவம் ஏறத்தாழ 14 வாரம். வாரம் ஒரு மணிநேரம், இரண்டே பிள்ளைகள். இதற்குமா நேரமில்லை?

பழி மாணவர்மீது மட்டுமன்று. "நிகழ்ச்சி என்றைக்கு?" என்று கேட்கும் பள்ளிகள், "எத்தனை வாரம் வருவீர்கள்?" என்று கேட்பதில்லையே!

ஆசிரியர்களே, பெற்றோர்களே! அடுத்த முறை இசைவுக் கடிதத்தில் ஒப்பமிடுமுன், பெற்றோர் ஆசிரியர் சங்கம் அந்தக் கேள்வியைக் கேட்கட்டும். விடை இல்லையேல், பதாகையைச் சுருட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். தொடர்ந்து வருகிற ஒருவர், ஒருநாள் வருகிற ஐம்பதின்மரினும் மேல்.