மதுரை வீரனின் பிறப்பைத் திருடியது யார்?

ஒட்டன்சத்திரம் வட்டார அருந்ததியர் கும்பிடும் மதுரை வீரன், சாதி மீறிப் பொம்மியை மணந்தவர்; நாயக்கர் ஆட்சியில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவர் என்கிறது கதை. ஆனால் கதைப்பாடலும் 1956இல் வந்த எம்.ஜி.ஆர். படமும் அவரை ராஜா பெற்ற பிள்ளையாக்கின. அருந்ததியருக்கு வளர்த்த பெருமை மட்டும்தான்.

கால் நாட்டைப் பிடித்த ரோமானியர், ட்ரியர் பக்கத்து லெனுஸ் சாமிக்குத் தங்கள் போர்த் தெய்வமான மார்ஸின் பெயரை ஒட்டினார்கள். அங்கே பெயரைத்தான் ஒட்டினார்கள். இங்கே பிறப்பையே மாற்றிவிட்டார்கள்.

ஏன்? வீரன் ராஜா மகன் என்றால் அந்தக் கல்யாணம் சாதி மறுப்பே இல்லை என்றாகிவிடும்.

2016இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்ட சங்கர், எந்த ராஜாவுக்கும் பிள்ளையல்ல. வீரன் கதையையும் அப்படியே சொல்வோம் தோழர்களே: அவர் அருந்ததியர் பெற்ற பிள்ளை.