கடாரம் கொள்வது எத்தனை கடினம்?

கணினி விளையாட்டைப் பற்றி இலக்கிய வாசகர்களிடம் பேசச் சற்றுத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளிலிருந்து நம் வகுப்புகளுக்கு வரும் மாணவர்களுள் சிலர், முதலாம் இராசேந்திர சோழனை மனத்தில் பதித்துக்கொண்டது பாடநூலிலிருந்து அல்ல. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' விளையாட்டிலிருந்து. அதன் புதுப்பதிப்புக்கு 2022 ஏப்ரலில் வெளிவந்த 'டைனஸ்டிஸ் ஆஃப் இந்தியா' என்ற இணைப்பில் இராசேந்திரனின் போர்கள் ஒரு தனித் தொடராகவே அமைந்துள்ளன. ஆகவே பேசத்தான் வேண்டும்.

வழக்கமாகச் சொல்லப்படும் குறைகள் இரண்டு. சோழர்க்கு அதில் 'திராவிடர்' என்று பெயர். 1856இல் கால்டுவெல் ஒரு மொழிக்குடும்பத்துக்கு வழங்கிய பெயர், பதினோராம் நூற்றாண்டுப் படைக்குச் சூட்டப்பட்டுவிட்டது. கேரளக் களரிக்குரிய சுருள்வாளான உருமி, இவர்களின் தனிச்சிறப்பான ஆயுதமாகக் காட்டப்படுகிறது. இரண்டும் உண்மையான குறைகளே, எனினும் சிறியவை. பெயரையும் வாளையும் மாற்றிவிட்டால் விளையாட்டு வரலாறாகிவிடுமா என்பதே நம் கேள்வி.

ஒரு விளையாட்டின் வரலாற்று உண்மை அதன் உடைகளில் இல்லை. அது எதைக் கடினமாக்குகிறது என்பதில் இருக்கிறது. எதை எளிதாக்குகிறதோ, அது அக்காலத்தில் எளிதாக இருந்தது என்றே ஆடுகிறவன் மனம் ஏற்றுக்கொள்கிறது.

குதிரையை எடுத்துக்கொள்வோம். விளையாட்டில் திராவிடரின் குதிரைப்படை வலுவற்றது; கனத்த கவசக் குதிரைவீரர் அவர்களுக்கு இல்லை. இதில் ஓர் உண்மை உண்டு. நல்ல குதிரை தமிழகத்தில் எளிதில் விளைவதன்று, கடல்வழி வரவேண்டும். குதிரைச் செட்டிகளைக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் இறக்குமதியானதையும், வளர்க்கத் தெரியாமல் அவற்றுள் பெரும்பகுதி மடிந்ததையும் எழுதியிருக்கிறார். அரசர்களின் சிக்கல் வணிகமும் பொன்னும் பராமரிப்பும் சார்ந்தது. விளையாட்டிலோ அது ஓர் இனத்தின் பிறவிக்குறை போல நிற்கிறது. விளைவு சரி, காரணம் காணாமற்போயிற்று.

கடலுக்கும் இதே கதிதான். ஒரு பருவக்காற்றில் போன கலம், மறு பருவக்காற்றுக்குக் காத்திருந்தே திரும்பவேண்டும். விளையாட்டுக் கப்பலுக்குக் காற்று வேண்டாம். உருவாக்கும்போது ஒருமுறை உணவு பெற்ற வீரன் பிறகு உண்பதே இல்லை. 'மிகக் கடினம்' என்ற நிலையைத் தேர்ந்தால் எதிரி இன்னும் விரைவாக, இன்னும் சூழ்ச்சியாகத் தாக்குகிறான். அவ்வளவுதான்.

இதற்காக அயல்நாட்டாரை மட்டும் குறைசொல்வது நியாயமன்று. 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பைச் சொல்லும் மெய்க்கீர்த்தி, கொண்ட ஊர்களை வரிசையாக அடுக்குகிறது. பட்ட பாட்டைச் சொல்வதில்லை. நம் பாடநூல்களும் அந்த வரிசையையே மனப்பாடமாக்கின. பாடு தெரியவேண்டுமானால் வேறு கல்வெட்டுகளிடம் போகவேண்டும். உத்திரமேரூரின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் ஏரி வாரியத்துக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்று ஓர் ஊரே கவலைப்படுகிறது. ஏரி நிறைந்தால்தான் நெல். நெல் விளைந்தால்தான் இறை. இறை வந்தால்தான் படை. புழற்கோட்டத்து ஏரிகளைப் பார்த்து வளரும் நம் மாணவர்க்கு இது புரியாததன்று.

'விளையாட்டை விளையாட்டாக விடுங்கள்' என்பார்கள். கடினத்தை விரும்பித் தேடுவோர் ஆட்டக்காரர்களே. காற்றும் கடனும் வறண்ட ஏரியும் அவர்களுக்கு எதிரியின் அம்புகளைவிடச் சுவையான தடைகளாகலாம். 2025இல் வந்த 'சிவிலைசேஷன் 7' சோழர்க்கு அஞ்சுவண்ணத்தையும் மணிக்கிராமத்தையும் தந்திருக்கிறது. 849ஆம் ஆண்டுத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் இடம்பெறும் வணிகக் குழுக்கள் அவை. அங்கே கட்டடங்களாக மாறிவிட்டாலும், வாள் மட்டுமே வரலாறன்று என்ற குறிப்பு அதில் உண்டு.

ஆசிரியர்களாகிய நாம் செய்யக்கூடியது இது. விளையாடாதே என்று தடுக்கவேண்டாம். வென்று வந்த மாணவனிடம், 'இதில் உனக்கு எது கடினமாக இருந்தது? இராசேந்திரனுக்கு எது கடினமாக இருந்திருக்கும்?' என்று கேட்போம். இரண்டு விடைகளுக்கும் இடையிலுள்ள தொலைவில்தான் வரலாற்றுப் பாடம் தொடங்குகிறது.